மைக்குக் கீழே இரண்டு வரி

மலாயாவிலிருந்து மகன் எழுதிய கடைசிக் கடிதம் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றுமுன்பே அதைக் கையில் எடுத்த நான், முதலில் சொன்னது ஒரு குறைதான்.

"தாய் தகப்பனுக்கு எழுதுற கடிதத்தைப் பென்சிலாலயா எழுதுற?"

"பேனை உடைஞ்சிரிக்கும்" என்றாள் மனைவி. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

மகன் எப்போதும் இரண்டு தாள் எழுதுவான். முதல் தாள் எனக்கு: அவன் குமாஸ்தாவாயிருந்த றப்பர்த் தோட்டக் கந்தோர், மழை, துரையின் கோபம், கூடப் படித்தவர்களின் சுகம். இரண்டாவது தாயாருக்கு: அங்கே கிடைக்கும் மீன், சமையற்காரன் போடும் உப்பு, துவைக்கக் கொடுத்த சேட்டு. இரண்டையும் நான்தான் உரத்து வாசிப்பேன். அவளுக்கு வாசிக்கத் தெரியும். ஆனாலும் நான் வரும்வரை கடிதத்தை மேசையில் மைக்கூட்டுக்குக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பாள். அன்று உறை பிரிந்திருந்தது. தணிக்கைக்காரர்கள் ஓரத்தை வெட்டிப் பார்த்துவிட்டுக் காகிதப் பட்டி ஒட்டியிருந்தார்கள். அந்தப் பட்டிக்கு மேலாகவே இன்னொரு முறை கிழிபட்டிருந்ததை நான் கவனித்தேன். கவனித்தும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

இரண்டாவது தாளின் நடுவில் இரண்டு வரிகள் மையால் அடிக்கப்பட்டிருந்தன. ஒரு கோடு இரண்டு கோடு அல்ல. ஓர் எழுத்துக்கூடத் தெரியாதபடி, மை தாளின் மறுபக்கம் ஊறும்வரை, திரும்பத் திரும்ப.

"அரசாங்கத்தார்ர வேலை" என்றேன். "பட்டாளத்தைப் பற்றி என்னவும் எழுதியிருப்பான்."

"இரிக்கும்" என்றாள்.

இரண்டு மாதத்துக்குள் சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்துவிட்டது. அதன்பிறகு கடிதம் இல்லை, தந்தி இல்லை.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். இதை மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் விளங்காது. மகன் சின்ன வயதில் வாவியில் குளிக்கப் போனால் துவாயோடு கரையில் நிற்பேன். கழுத்தளவு தண்ணீர் வந்தால் கூப்பிடத் தொடங்குவேன். இடி இடித்தால் அவனுடைய கட்டிலை யன்னலிலிருந்து இழுத்துவிடுவேன். அவன் பன்னிரண்டு வயதில் மாமரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு பிசகியதை நான் மூன்று மாதம் கழித்து, எண்ணெய் பூசிக் கட்டிய வைத்தியரின் வாயால்தான் அறிந்தேன். வீட்டில் கேட்டபோது தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவன் மலாயாவுக்குப் புறப்பட்ட அன்று ஸ்டேஷனில், ரயில் அசையும்வரை யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே நின்றேன். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. வலைக்குள் படு. ஈரத் தலையோடு வெளியே போகாதே. கடிதம் போடப் பிந்தாதே. கடைசியில் அவன் சொன்னான்:

"அப்பா, காணும்."

அந்தப் 'போதும்'தான் அவன் என்னிடம் நேரில் பேசிய கடைசிச் சொல். கோபமாகச் சொன்னானா, சிரித்துக்கொண்டு சொன்னானா? ரயில் சத்தத்தில் எனக்கு நிச்சயமில்லை. ஆகவே மையால் அடித்த அந்த இரண்டு வரிகளைப் பற்றி எனக்கொரு எண்ணம் வளர்ந்தது. அது பட்டாளத்தைப் பற்றியது அல்ல, என்னைப் பற்றியது. தகப்பனின் வாய்க்குத் தப்பித்தான் கடல் கடந்தேன் என்று தாய்க்கு எழுதியிருக்கிறான். அப்படி இல்லாவிட்டால் வேறு என்ன? அவன் எழுதி நான் வாசிக்காத சொற்கள் இந்த உலகத்தில் அவ்வளவுதான் மிச்சம்.

ஒரு வருடத்துக்கு மேல் இது இப்படியே கிடந்தது. எங்கள் ஊரான தன்னாமுனையில் வீட்டு வளவு வாவிக்கரை வரை போகும். மாலையில் கரையில் நின்றால் அக்கரையில் போட்டிருந்த விமானத்தளத்திலிருந்து இயந்திரச் சத்தம் தண்ணீரின் மேல் வரும். ஏறாவூர் வியாபாரி ஒருவர் அந்தத் தளத்துக்கு முட்டையும் கோழியும் கொடுத்துவந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவேன். தளத்தில் கழித்துப் போடும் சாமான் எல்லாம் அவருடைய வண்டியில் ஏறிவிடும். எனக்குப் படம் பிடிக்கும் பழக்கம் உண்டென்று அவருக்குத் தெரியும். ஒரு நாள் வட்டத் தகரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

"மாஸ்டர், இத வெச்சுக்கங்க. கேம்ப்ல படம் கழுவுற வெள்ளக்காரன் எறியச் சொன்னான். நாள் கடந்த பிலிமாம்."

"என்ன பிலிம் காக்கா?"

"ஆகாயத்துல இரிந்து புடிக்கிறது. இதுல புடிச்சா மரமெல்லாம் நரைச்சுப் போகுமாம். பச்சை ஓலையப் போட்டு மறைச்ச பீரங்கியும் தெரிஞ்சிருமாம். நம்முட தாடியப் புடிச்சா என்ன நிறம் வருமெண்டு கேட்டன். அவன் சிரிச்சிட்டான்."

பெட்டியின் மேலிருந்த எழுத்தை வாசித்தேன். அது இன்ஃபிரா ரெட் பிலிம்: சிவப்புக்கும் அப்பால், நம் கண்ணுக்கு எட்டாத வெளிச்சத்தைப் பார்க்கும் பிலிம். போருக்கு முன் வரவழைத்த படச் சஞ்சிகை ஒன்றில் வாசித்திருந்தேன். சில மைகள் அந்த வெளிச்சத்துக்குக் கண்ணாடி போல, இருந்தும் இல்லாதவை. பென்சில் அப்படியல்ல. பென்சிலில் இருப்பது கரி. கரி எந்த வெளிச்சத்திலும் கறுப்புத்தான்.

மகன் பென்சிலால் எழுதியிருந்தான். அன்று அதற்காகத்தான் அவனைக் குறை சொன்னேன்.

பிலிமை ஒரு பானைக்குள் வைத்து, பானையை ஈரச் சாக்கால் சுற்றினேன். வெக்கை பட்டால் அது தானாகவே கறுத்துவிடும். இனி எல்லாவற்றையும் தனியாகத்தான் செய்யவேண்டும். இந்த ஊரில் இதைக் கேட்டறிய ஆள் இல்லை. அடித்த வரிகளை வாசிக்கப்போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

"அரசாங்கம் அடிச்சதக் கிளறினா மறியல்ல அடைச்சிருவாங்க" என்றாள்.

"ஆருக்குத் தெரியப்போகுது?"

"கிடக்கட்டும் விடுங்க. ரெண்டு வரியில என்ன இரிக்கப்போகுது."

சாமான் அறைதான் என் இருட்டறை. பதினைந்து வருடமாக நான் படம் பிடித்து அங்கே கழுவிய கண்ணாடித் தட்டுகள் எல்லாம் சிவப்பு விளக்கின் கீழ்தான் கழுவப்பட்டவை. சிவப்புக் கண்ணாடி போட்ட சிறிய தகர விளக்கு. கை தன் வேலையைப் பார்க்கும், கண் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பழக்கத்தில் இந்தப் பிலிமையும் அதே விளக்கின் கீழ் வெட்டி, அதே விளக்கின் கீழ் மருந்தில் போட்டேன். கறுத்தது. இன்னொரு துண்டு, அதுவும் கறுத்தது. சிவப்புக்கு அப்பால் பார்க்கிற ஒன்றின் முன்னால் சிவப்பு விளக்கைக் கொளுத்தி வைத்திருக்கிறேன். அதற்கு அது நடுப்பகல். விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் செய்யும் பிழையா இது? இருட்டில் வேலை செய்யும் பயத்தில் அந்த விளக்கை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

பிறகு விளக்கிலிருந்து சிவப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். அதையே கமராவின் வில்லைக்கு முன்னால் மெழுகால் ஒட்டினேன். மற்ற வெளிச்சத்தை மறித்துச் சிவப்பையும் அதற்கு அப்பாலுள்ளதையும் மட்டும் உள்ளே விட அப்படியொரு கண்ணாடி வேண்டும். இருட்டறையில் இனி விளக்கே இல்லை. பெரிய சுருளிலிருந்து துண்டு வெட்டுவதும், கமராவுக்குள் வைக்கும் தட்டுக்கூட்டில் செருகுவதும், கழுவுவதும் எல்லாம் விரலால். கத்தரிக்கோலை எங்கே வைத்தேன் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வேன். "வலப் பக்கம், சுவரோரம்." அந்த அறையில் என் குரல் எனக்கே பழக்கமில்லாத ஒருவருடையதாகக் கேட்டது.

அடுத்த துண்டுகள் ஓரமெல்லாம் புகைபடிந்ததுபோல் வந்தன. தட்டுக்கூட்டின் மூடி மெல்லிய பலகை. வெயிலில் வைத்தால் நமக்கு அது மூடி; இந்தப் பிலிமுக்கு அது மெல்லிய துணி. தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளை உரித்துக் கூட்டைச் சுற்றினேன். அதன் பிறகுதான் முதல் படம் விழுந்தது.

வாவிக்கரையைத்தான் பிடித்திருந்தேன். தென்னைகள் சாம்பல் பூசியதுபோல் வெள்ளை. சேற்றில் நிற்கும் கண்ணாமரக் காடு முழுவதும் வெள்ளை. வானம் கறுப்பு, வாவி அதைவிடக் கறுப்பு. கரையில் கட்டியிருந்த தோணி, ஆள் இல்லாமல், எங்கேயோ நாங்கள் போகாத ஊரில் நிற்பதுபோல் நின்றது. நான் பிறந்து வளர்ந்த இடம் அது. அந்தப் படத்தை அதிக நேரம் பார்க்க என்னால் முடியவில்லை.

கிணற்றடியில் மனைவியையும் ஒன்று பிடித்தேன். முகம் மெழுகுபோல் வெளுத்து, கண் இரண்டும் குழி விழுந்து, முன்கையில் நரம்புகள் கொடியாகத் தெரிந்தன. காட்டினேன்.

"இது நான் செத்த பிறகு புடிச்சதா?" என்று கேட்டாள். பிறகு, "உள்ளுக்கிரிக்கிறதெல்லாம் இதுல தெரியுமா?" என்றாள்.

"நரம்பு மட்டும்தான்."

பள்ளிக்கூடத்து மையால் ஒரு சோதனை செய்தேன். மைக்கட்டியை நீரில் கரைத்துச் செய்யும் மைதான். வீட்டு மைக்கூட்டிலும் அதுவே. ஒரு தாளில் பென்சிலால் வாய்ப்பாடு எழுதி, மேலே மையைத் தடவி, படம் பிடித்தேன். மை போன இடம் தெரியவில்லை. வாய்ப்பாடு முழுவதும் இருந்தது. ஆனால் தணிக்கைக்காரர்களின் மை என்ன மை? அதிலும் கரி இருந்தால் எல்லாம் வீண். அதைப் படம் பிடித்துத்தான் அறியவேண்டும். சுருளில் நல்ல பகுதி நாலைந்து துண்டுக்குத்தான் காணும்.

காலை ஒன்பது மணி வெயிலில், முற்றத்தில் பலகையை நிறுத்தி, கடிதத்தைக் கண்ணாடியின் கீழ் வைத்தேன். கண்ணால் கூர்மை பார்த்தபின் வில்லையைச் சற்று முன்னுக்குத் தள்ளவேண்டும். அந்த வெளிச்சம் குவியும் இடம் வேறு. எவ்வளவு என்பதை வாய்ப்பாட்டில் மூன்று துண்டு பாழாக்கிப் பழகியிருந்தேன். மூடியைத் திறந்து முப்பதுவரை எண்ணினேன்.

கழுவுவது அடுத்த நாள் விடியப்புறம். பகலில் எங்கள் ஊர்த் தண்ணீரில் பிலிமின் மேற்பூச்சு இளகி வழுகிவிடும். நாலு மணிக்கு அள்ளும் கிணற்றுத் தண்ணீர்தான் ஓரளவு குளிர். இருட்டில் தட்டை ஆட்டிக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். இருநூறு தாண்டியிருக்கும். கதவு திறந்தது. கைவிளக்கோடு அவள் நின்றாள்.

"தேத்தண்ணி கொண்டாந்தன்."

பதினைந்து வருடத்தில் அவள் அந்தக் கதவை ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. உள்ளேயிருந்து நான் கூப்பிட்டாலும் வெளியில் நின்றுதான் பதில் சொல்வாள். நான் கத்தினேன். என்ன சொன்னேன் என்பதை எழுத விருப்பமில்லை. அவள் தேத்தண்ணிக் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அது மறதியா, வேண்டுமென்று செய்ததா என்று அவளிடம் நான் இன்றுவரை கேட்கவில்லை.

மூன்று நாள் கழித்து இன்னொரு துண்டில் மறுபடியும். இந்த முறை உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். எண்ணி முடித்து, படம் நிலைக்க ஹைப்போவில் கிடத்தி, நல்ல தண்ணீரில் அலசி, கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். கிழக்கு வெளுத்திருந்தது. வாவிக்கரை வரை நடந்து, பிலிமை வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன்.

மை போய்விட்டது. வெள்ளைத் தாள் நெகட்டிவில் கரும்பலகையாகத் தெரிய, பென்சில் எழுத்துகள் அதில் வெளிச்சமாக நின்றன. திருப்பிப் பிடித்து வாசித்தேன்.

'பத்து நாளாய்ப் படுக்கைதான் அம்மா. காய்ச்சல் விடுகுதில்லை, கண் மஞ்சளாய்ப் போச்சுது. அப்பாவுக்குச் சொல்லவேண்டாம், அவர் நித்திரை கொள்ளமாட்டார்.'

மூன்று தடவை வாசித்தேன். முதல் தடவை, என்னைத் திட்டவில்லை என்று ஒரு நிம்மதி வந்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. இரண்டாம் தடவைதான் காய்ச்சலும் மஞ்சள் கண்ணும் எனக்குள் இறங்கின. அவன் ஏன் பென்சிலால் எழுதினான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. படுத்துக்கிடந்து எழுதினால் பேனையில் மை இறங்காது. நானோ மரியாதை பற்றிப் பேசியிருந்தேன்.

மூன்றாம் தடவை அந்தக் கோடுகளை நினைத்தேன். அரசாங்கத்துக்கு ஒரு குமாஸ்தாவின் காய்ச்சலால் என்ன? அடித்தது எங்கள் மேசையில், எங்கள் மைக்கூட்டால். நான் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் தனியாக அதை வாசித்து, தனியாக அடித்து, மை காயும்வரை காத்திருந்து, பிறகு அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்திருக்கிறாள்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்தக் கடிதம் வந்த வாரம் அவள் சுளகில் என்னவோ பச்சிலை காயப்போட்டிருந்தாள். இரண்டு நாள் கழித்துத் துணியில் தைத்த பொதி ஒன்றைக் கொடுத்து, மகனுக்கு வடகம் அனுப்பவேண்டும், முகவரி எழுதித் தாருங்கள் என்றாள். கையில் வாங்கியபோது பாரமே இல்லை. "வடகமா, காத்தா?" என்று பகிடி பண்ணினேன். நானே முகவரி எழுதினேன். நானே தபால் கந்தோரில் கொடுத்தேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது அவள் அடுப்படி வாசலில் நின்றாள்.

"என்ன, தெரிஞ்சிதா?"

"கறுத்துப் போச்சு" என்றேன். "அவங்கட மையில கரி."

"அப்ப சரி" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து அந்த இரண்டு வரியும் எங்கள் வீட்டில் இரண்டு பேரிடமும் இருந்தன. சாப்பிடும்போது இருந்தன. விளக்கை அணைத்தபின் அவள் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் திரும்பிப் படுத்துக்கொண்டு, நித்திரை கொள்பவர்களைப் போல மூச்சு விட்டுக்கொண்டிருப்போம். அவள் அதை எத்தனை மாதம் இப்படித் தனியாகச் சுமந்தாள் என்று எண்ணிப் பார்ப்பேன். அவளிடம் இறக்கிவை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால், நான் பயந்து அலறுகிறேனா என்று பார்ப்பாள். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியாது.

மாரி தொடங்கியிருந்தது. ஒரு நாள் தபால்காரர் பள்ளிக்கூடத்துக்கே வந்து என்னிடம் ஒரு பொதியைத் தந்தார். எங்கெங்கேயோ கிடந்து முத்திரைமேல் முத்திரை குத்துப்பட்டுத் திரும்பியிருந்தது. துணி பழுப்பேறியிருந்தது. என் கையெழுத்து ஈரத்தில் ஊறி மங்கியிருந்தது. மழைக்குள் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவள் தாழ்வாரத்தில் கூரை ஒழுக்குக்குச் சட்டி வைத்துக்கொண்டிருந்தாள். பொதியை அவளுடைய கையில் கொடுத்தேன்.

"கீழ்க்காய்நெல்லி திரும்பி வந்திட்டு."

அவள் பொதியைப் பார்த்தாள். வடகம் என்று சொல்லித்தான் தந்தவள். கண் மஞ்சளுக்கு அந்த இலையைத்தான் எங்கள் ஊரில் அரைத்துக் கொடுப்பார்கள்.

"அப்ப பிலிம் கறுக்கல்ல."

"இல்ல."

"எப்ப இரிந்து தெரியும்?"

"மாரிக்கு முதல்ல."

"அவன்தான் சொல்ல வேணாமெண்டவன்."

"வாசிச்சன்."

அவள் ஒழுக்குச் சட்டியைக் காலால் ஒரு சாண் நகர்த்தினாள். "நித்திர கொள்ளுறீங்களா?"

"இல்ல. அதுக்கு முதலும் கொள்ளல்ல."

"தெரியும்" என்றாள். "பக்கத்திலதானே கிடக்கன்."

பொதியை அவள் பிரிக்கவில்லை. அடுப்புக்கு மேலுள்ள கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள், ஈரம் படாமல் இருக்க. இப்போதும் அங்கேதான் இருக்கிறது. போர் முடிந்துவிட்டது. மலாயாவிலிருந்து சிலருக்குக் கடிதம் வருகிறது என்கிறார்கள். எங்களுக்கு இன்னும் வரவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் நான் இன்றும் வாசலுக்கு ஓடிவிட்டுத் திரும்புகிறேன். அவள் அதைப் பார்க்கிறாள். பார்க்காததுபோல் திரும்பிக்கொள்வதை விட்டுவிட்டாள்.

அதோடு இன்னொரு பழக்கமும் வந்துவிட்டது. அவள் இப்போது எல்லாவற்றையும் என்னிடம் சொல்கிறாள். பசு தீன் எடுக்கவில்லை, கிழக்குப் பக்கக் கூரை உக்கிவிட்டது, இராத்திரி நெஞ்சு அடைத்தமாதிரி இருந்தது. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் பயப்படுகிறேன். ஆனாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை கிணற்றடியில் வழுக்கிவிட்டதாகச் சொன்னாள். எங்கே பட்டது என்று கேட்டேன். சேலையைச் சற்றுத் தூக்கி முழங்காலைக் காட்டினாள்.